பிடிலுக்கு ஒரு பெட்டி

சங்கரபாண்டி மூன்றாவது ஸ்பீக்கர் பெட்டியையும் இடது கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கனமா இருக்கு பாய்."

அகமது கபீருக்குச் சுருக்கென்றது. அறுபத்து நாலாம் வருசம் தென்காசியில் மைக் செட் என்றால் கபீர்தான். குற்றாலச் சீசனில் நடக்கிற கச்சேரிகளில் பாதிக்கு மேல் அவருடைய குழாய்கள்தான் கத்தும். சத்த விஷயத்தில் சொந்த மச்சானுக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டார் என்று ஊரில் பேர். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்பேர்ப்பட்டவர் கடைக்கு வந்து, ஒரு ஆள் சத்தத்தைக் கேட்காமல் கனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சங்கரபாண்டி மெல்லிசைக் குழுவில் பேஸ் பிடில் வாசிக்கிறவர். அது ஆள் உயரத்துக்கு நிற்கிற பிடில். விரலால் சுண்டினால் தும், தும் என்று அடிவயிற்றிலிருந்து பேசும். மற்ற வாத்தியமெல்லாம் மைக்கில் போய்விட, தன் பிடில் மட்டும் அமுங்கிப் போகிறது, அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்று வந்திருந்தார்.

கபீர் ஆசையாக எடுத்துக் காட்டியது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த தேக்குப் பெட்டி. போட்டதும் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சங்கரபாண்டி அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. இடது கையால் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கினார், ஏறினார், வைத்துவிட்டார். அடுத்தடுத்த பெட்டிக்கும் இதே கூத்துதான்.

கடைசியில் மூலையில் கிடந்த ப்ளைவுட் பெட்டி ஒன்று அவருக்குப் பிடித்துப்போனது. ஆம்ப்ளிபையரும் அதற்குள்ளேயே அடக்கம்.

"அது வேண்டாம்வேய். பள்ளிக்கூடத்துல பேசுததுக்குன்னு செஞ்சது. உம்ம பிடிலுக்குப் போட்டா தகர டப்பாவத் தட்டுன மாதிரி கேக்கும்."

"பரவால்ல பாய். கைப்பிடிய மட்டும் நட்டநடுவுல மாத்திக் குடுங்க. ஒத்தக் கையில தூக்குனா சாயக் கூடாது."

ஆள் உயரப் பிடிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற மனுசனுக்குப் பெட்டி கனக்கிறதாம். சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? கைப்பிடியை மாற்றிக் கொடுத்தனுப்பிவிட்டு, அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கபீர் இதையே சொல்லித் தீர்த்தார்.

சொல்லி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பெட்டி முகப்பில் அவர் பேர் அல்லவா எழுதியிருக்கிறது? சனிக்கிழமை குற்றாலத்தில் சங்கரபாண்டி குழுவின் கச்சேரி. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். தகர டப்பா சத்தம் கேட்டால் மானம் போவது கபீருக்குத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் சாரலில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தகரக் கொட்டகைக்குள் பலகை மேடை போட்டிருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. பிடில் சத்தம் கணீரென்று கடைசி வரிசைக்கு வந்து, நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போனது.

கபீர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம பெட்டி" என்றார். அந்தப் பக்கம் இருந்தவரிடமும் சொன்னார். தன் கைவேலை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போய்ப் பெட்டியைப் பெருமையாகத் தடவிக் கொடுத்தார். சில்லென்று இருந்தது. வால்வு வைத்த பெட்டி ரெண்டு பாட்டு ஓடினாலே சுடுமே? வயரைப் பிடித்துக்கொண்டே போனார். நுனி எதிலும் செருகாமல் சும்மா கிடந்தது. இத்தனை நேரமும் பிடில் அந்தப் பலகை மேடையின் அதிர்விலேயே முழங்கியிருக்கிறது.

"என்னவேய் இது? என்னைக் கிறுக்கன்னு நெனச்சீரா?"

சங்கரபாண்டி உதட்டில் விரல் வைத்து, கொட்டகை ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒருவர் இடது கையில் தேத்தண்ணிக் கிளாஸோடு நின்றார். வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

"எங்க தபேலா, பரமசிவன். போன மாசி மாசம் மர அறுவை மில்லுல கை போயிட்டு" என்றார் சங்கரபாண்டி. "மேடைக்குச் சாமான் கொண்டு வாரவனுக்குத்தான் வேன்ல இடம், வருமானத்துல பங்கு. அது எங்க குழு வழக்கம். சும்மா குடுத்தா அவன் தொட மாட்டான். பெட்டியத் தூக்கியாந்து வச்சிட்டு, கூட்டத்துக்குள்ள நின்னு, சத்தம் சரியா வருதான்னு எனக்குக் கை காட்டுதான். வயர நான் உருவுனது அவனுக்குத் தெரியாது. பிடிலுக்குப் பெட்டி எதுக்கு பாய்? அவனுக்குத்தான் தேவைப்பட்டுச்சு."

கபீருக்கு ஊரெல்லாம் தான் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து கூசியது.

அதற்குள் குழுத் தலைவர் நாறும்பூநாதன் அங்கே வந்துவிட்டார். அவருக்குப் பெட்டி வந்ததிலிருந்தே ஒரு சந்தேகம்.

"பாய், நல்லவேளை வந்தீங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும். இந்தப் பெட்டி நெசமாவே வேணுமா? இதுக்காக வேன்ல ஒரு ஆளு இடம் அடைபடுது. வேண்டாம்னா அடுத்த கச்சேரியில இருந்து விட்டுட்டு வந்துருவோம்."

சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். கபீர் வயர் நுனியைச் செருப்புக் காலால் மெதுவாக மிதித்து மறைத்துக்கொண்டார்.

"இது இல்லேன்னா அந்தப் பிடில் ரெண்டாவது வரிசையத் தாண்டாதுவேய். இன்னொண்ணும் சொல்லுதேன், கேட்டுக்கிடும். பெட்டி மட்டும் இருந்தாப் பத்தாது. தபேலா தெரிஞ்ச காது உள்ள ஆளு ஒருத்தர் எப்பவும் இது கூடவே இருக்கணும்."