பத்து வீட்டுக் குழாய்

"இந்தப் பச்சை டின்னெல்லாம் யாரோடது?"

பாக்கியலட்சுமி போட்ட அதட்டலில், தெருக்குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நுரையை விழுங்கிவிட்டார்.

யாரோடது என்று அவளுக்கே தெரியும். சிராங்கூன் ரோட்டில் நூர்தீன் ஜவுளிக்கடைக் கதவும் இதே பச்சைதான். முதலாளி மனைவி சம்சுன்னிசா வீட்டில் மாடியில் ஒரு பைப், கீழே ஒரு பைப்.

"வீட்ல ரெண்டு பைப்பை வச்சுக்கிட்டு இங்க நாலு டின்னா?"

"அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள் பூவம்மா. பின் சந்தில் பலகை வீட்டில் இருப்பவள். அந்தச் சந்துக்காரர்களுக்கு இந்த ஒரு குழாயை விட்டால் வேறு தண்ணீர் இல்லை.

"நீ பேசாதே. உன் டின் எங்க கிடக்குது பார், கடைசியில! இந்தத் தண்ணி என்ன வானத்துல இருந்தா வருது? எங்க வீட்டுக்காரர் கட்டற வரி. இல்லாதவங்களுக்காகக் கவர்மெண்ட் விட்டிருக்கு. இருக்கிறவளும் வந்து பிடிச்சா அது நியாயமா?"

"இல்லம்மா, அவங்க எதுக்குன்னா..."

"எதுக்கா இருந்தா என்ன? எங்க கான்வென்ட்ல இப்படிச் செஞ்சா வெயில்ல முட்டி போட வச்சிருப்பாங்க!"

குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். அதனால் விடிந்ததும் டின்னை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். அங்கே டின்தான் ஆள். இன்னொருத்தர் டின்னை நகர்த்துவது ஆளையே பிடித்துத் தள்ளுவது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள்.

பாக்கியலட்சுமி செய்தாள். நாலு பச்சை டின்னையும் தூக்கிச் சாக்கடையில் வீசினாள். கறுப்புச் சேற்றில் பாதி முங்கி அவை பல்லிளித்தன.

சத்தம் கேட்டு சம்சுன்னிசா ஓடி வந்தாள்.

"யா அல்லா! பாக்கியம், என்ன காரியம் பண்ணினே? இன்னைக்குக் குழாய் ஆபீஸ்காரர் வீட்டை எண்ண வர்ற நாள்!"

"வரட்டும். உன் லட்சணத்தை அவர்கிட்டயே சொல்றேன்."

"சொல்லு, குழாயைப் பிடுங்கிட்டுப் போகட்டும். சந்துல பாதிப் பேர் தோ பாயோ பக்கம் கவர்மெண்ட் கட்டின புது ஃபிளாட்டுக்குப் போயாச்சு. மிச்சம் ஆறே வீடு. பத்து வீடாவது இருந்தாத்தான் கவர்மெண்டுக்குக் கட்டுப்படியாகுமாம். அவர் டின்னைப் பார்த்துத்தான் வீடுன்னு எழுதுவாரு."

பாக்கியலட்சுமி சாக்கடையில் கிடந்த டின்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ உன் டின்னுல பிடிக்கிற தண்ணி?"

"இவங்களுக்குத்தான். ஒரு சொட்டு என் வீட்டுப் படி ஏறாது. நீயே பூவம்மாவைக் கேளு."

"அதைத்தாம்மா அப்போ பிடிச்சு சொல்ல வந்தேன்" என்றாள் பூவம்மா.

"சம்சு, இது கவர்மெண்டை ஏமாத்தறது!"

"ஏமாத்துதான். இந்த ஆறு வீட்டுக்கும் ஃபிளாட் கிடைக்கற வரைக்கும் ஏமாத்தப் போறேன். அதுவரை பிள்ளைங்க எதைக் குடிக்கும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டச் சொல்றதும் ரேடியோவுல சொல்றதும் ஒண்ணுதான் லா."

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. ஆபீஸ்காரர் சேதுபதி இறங்கி, சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சு! இனி டின்னை எடுத்துக் கழுவ நேரமில்ல" என்றாள் சம்சுன்னிசா.

"மசமசன்னு நிக்காதே! ஓடு, கைக்குக் கிடைச்சதைக் கொண்டா!" என்று அவளையே அதட்டிவிட்டு, பாக்கியலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

சம்சுன்னிசா பிரியாணிச் சட்டியோடு வந்தாள். பாக்கியலட்சுமி ஒரு கையில் வாளி, மறு கையில் இட்லிக் கொப்பரை என்று வந்து வைத்துவிட்டு வரிசையைப் பார்த்தாள். ஒன்று குறைந்தது. மறுபடி ஓடினாள். அடுப்படியில் எது கண்ணில் பட்டதோ அதைப் பிடிதுணியோடு தூக்கிவந்து கடைசியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள்.

சேதுபதி பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். டின். டின். சட்டி. வாளி. கொப்பரையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். தட்டினார்.

கடைசிப் பாத்திரத்தருகே நின்றுவிட்டார். மூடி தடதடவென்று ஆடியது. ஓரத்தில் ஆவி வந்தது.

குனிந்து மூடியைத் தூக்கினார். உள்ளே அரைவேக்காட்டில் அரிசி குதித்துக்கொண்டிருந்தது.

பூவம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது எந்த வீடு?"

"பின் சந்து, கடைசி வீடு" என்றாள் பாக்கியலட்சுமி. பள்ளிக்கூடத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாமல் நன்னடத்தைப் பரிசு வாங்கியவள்.

சேதுபதி அவளைப் பார்த்தார். அவள் காதில் ஆடிய வைரத்தோட்டைப் பார்த்தார். மூடியைப் பத்திரமாகத் திருப்பி வைத்தார்.

"பத்து" என்று எழுதிக்கொண்டார். "குழாய் இருக்கட்டும்."

சைக்கிளில் ஏறி இரண்டு மிதி மிதித்தவர், காலை ஊன்றித் திரும்பினார்.

"அடுத்த தடவை பத்து மணிக்கு மேல வர்றேம்மா. சோறு வடிச்சப்புறம் வீட்டைக் கொண்டுவந்து வரிசையில வைங்க."