புது ஃபேன் பெல்ட்

ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் எதிரே உப்பளம் கண்ணைக் கூச வைக்கிறது. வாசலில் நிற்கும் பழைய காரின் பானெட்டைத் திறந்து, தேய்ந்த ஃபேன் பெல்ட்டைக் கழற்றி வீசுகிறான் மரியதாஸ். உப்புக்காற்றில் வெடிப்பு வெடிப்பாய்ப் பிளந்த அது, மனைவி சகாயசெல்வியின் காலடியில் விழுகிறது. "இன்னா கத்து கத்திச்சு! இனிமே நான் வர்றதே உங்களுக்குத் தெரியாது பாரு" என்று சிரிக்கிறான். குடிக்காத காலையில் அவன் சிரிப்பு அழகாகத்தான் இருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குடித்துவிட்டு அவன் திரும்பும் சாயங்காலங்களில் உப்பள வளைவிலேயே அந்தக் கிறீச் சத்தம் கேட்டுவிடும். மகளைப் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப அந்த அவகாசம் போதும். அடி வாங்க இவள் ஒருத்தி மட்டும் வீட்டில் இருப்பாள்.

புது பெல்ட்டை மாட்டிவிட்டு, அது இறுகுமாறு டைனமோவை நெம்பிப் பிடிக்க ஒரு கம்பியை அவள் கையில் கொடுக்கிறான். "நல்லா இழுத்துப் புடிடி. லூசா இருந்தா இதுவும் கத்தும்." இழுக்கிறாள். நேற்று அவன் முறுக்கிய மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது. பெல்ட் விறைக்கிறது. அவன் குனிந்து போல்ட்டை இறுக்கும் நேரம் பார்த்து, பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிறாள். அவன் சாவியைத் திருப்புகிறான். கிறீச்சென்று தெருவே அதிர்கிறது. "ச்சே, புதுசும் கத்துதே!" என்று ஸ்டியரிங்கைக் குத்துகிறான். வீட்டுக்குள் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் பின்வாசலில் இறங்கி ஓடுகிறாள்.