மாலத்தீவா, கப்பலா?

“அந்த மாலத்தீவு ரிசார்ட்ல குடியும் சேர்த்தா மோளே?”

யோசுவா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த ஜிஜியின் விரல்கள் நின்றன. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த அந்தச் சின்ன டிராவல்ஸ் ஆபீசில் அப்போது வேறு யாரும் இல்லை.

“ஆமா அங்கிள். ஆல் இன்க்ளூசிவ்னா எல்லாமே அதுல அடங்கும். சாப்பாடு, படகு சவாரி, பார், எல்லாம். ரூம் ஃபிரிட்ஜுல தினமும் பாட்டில் நிறைச்சு வைப்பாவ. எவ்வளவு எடுத்தாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாவ.”

“அப்ப அது வேண்டாம். கப்பல் போதும்.”

“மாலத்தீவே போடு மோளே” என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி செல்லபாய். மடியிலிருந்த விளம்பரத் தாளில் தண்ணீருக்கு மேல் கட்டிய மரவீட்டின் படம்; அதிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு இதாக்கும் பிடிச்சிருக்கு.”

கல்யாணம் முடிந்து முப்பது வருஷம் ஆகிறது, இருவரும் எங்காவது போய்விட்டு வரட்டும் என்று அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் அஜிதா ஏற்பாடு செய்திருந்தாள். கொச்சியிலிருந்து கப்பலில் ஐந்து நாள், இல்லாவிட்டால் மாலத்தீவில் ஐந்து நாள். எது என்று இவர்கள் சொன்னால் போதும். அரைமணி நேரமாக அதைத்தான் சொல்ல முடியவில்லை.

ஜிஜிக்கு இவர்கள் வெறும் கஸ்டமர்கள் அல்ல. ஒரே சபை. செல்லபாயிடம்தான் அவள் ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்தாள். ஓய்வுபெற நாலு வருஷம் இருக்கும்போதே அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, காரணம் என்னவென்று சபையில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

போன கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது யோசுவாவின் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஒரு காலி பிராந்தி பாட்டில் உருண்டு விழுந்தது. எல்லாரும் பார்க்க அவரே குனிந்து எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறே சபைக் கமிட்டியிலிருந்தும் விலகிவிட்டார்.

கீழேயிருந்து டீ வந்தது. யோசுவா மனைவியின் கிளாசிலிருந்து பாதியைத் தன்னுடையதில் ஊற்றிவிட்டு, மீதியை அவர் பக்கம் நகர்த்தினார். செல்லபாய் அதை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து ஒரு வாய் குடித்தார்.

“கப்பல்ல எப்படி மோளே?” யோசுவா விடவில்லை. “அங்கயும் குடி உண்டா?”

“பார் உண்டு. ஆனா காசு தனி. ரூமுக்கு ஒரு கார்டு தருவாவ, அதக் காட்டித்தான் வாங்கணும்.”

யோசுவா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அந்தக் கார்ட ஒருத்தருக்க கையில மட்டும் குடுக்கச் சொல்ல முடியுமா? எனக்க கையில மட்டும்?”

ஜிஜிக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்தாள்.

“அங்கிள், நான் சொல்லுதேன்னு தெற்றா நினைக்காதீங்க. டீச்சர் பிடிச்சிருக்குன்னு ஒரு இடத்தச் சொல்லுதாங்க. நீங்க ஊர்ப் பேரு கேக்கல, என்ன பாக்கலாம்னு கேக்கல. பார் எங்க, கார்டு ஆரு கையில, இதத்தானே கேக்கிய? ஒரு அஞ்சு நாள் குடிக்காம இருக்க முடியாதா? டீச்சருக்க கோலத்தப் பாருங்க. அப்ப அவங்க கிளாஸ் ரூமுக்குள்ள வந்தாலே நாங்க எல்லாம் எழும்பி நிப்போம். இப்ப எலும்பும் தோலுமா இருக்காங்க. ஆராலன்னு உங்களுக்குத் தெரியாதா?”

 யோசுவா மேஜை விளிம்பையே பார்த்தார். பல இடங்களில் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வார்த்தைகள்போல மெதுவாகச் சொன்னார்.

“தப்பு எனக்க மேலதான் மோளே. நான் பாத்துக்கிடுதேன். நீ கப்பல போடு.”

“போடுதேன். ஆனா கார்டு உங்க கையில வராது. டீச்சர் கையில மட்டும்தான் குடுக்கணும்னு நான் இப்பவே மெயில் அனுப்புதேன்.”

“அய்யோ, வேண்டாம்!” யோசுவா பதறி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

“பாத்தியளா டீச்சர்?” என்றாள் ஜிஜி.

செல்லபாய் நின்றுகொண்டிருந்த கணவரையே நிமிர்ந்து பார்த்தார். தன்னிடம் படித்த ஒரு பெண்ணின் முன்னால் யோசுவா இப்படித் தலை கவிழ்ந்து நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. படத்தை மடித்து மேஜையில் வைத்தார்.

“எனக்க கையில குடுக்கண்டாம் மோளே.”

“செல்லம், நீ சும்ம இரி.” யோசுவா அவசரமாக அவருடைய கையைப் பிடித்தார். “வா, வீட்டுக்குப் போவோம்.”

“எத்தன பேருகிட்டதான் நீங்க இப்படி ஏச்சு வாங்குவிய?”

அவர் பிடித்த கையைச் செல்லபாய் விடுவித்துக்கொள்ளவில்லை. ஜிஜியின் பக்கம் திரும்பினார்.

“குடிக்கிறது அவரு இல்ல மோளே. நானாக்கும்.”