பெயருக்கு மேல் ஒரு கை

மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டாள் அந்தச் சிறுமி.

அட்டையில் நான்கே வரிகள். டீச்சரே எழுதிய கதை. பாடப்புத்தகத்துப் பெயர்கள் இந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை என்று, மலைப்பக்கத்துப் பெயராகப் பார்த்து வைத்திருந்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட அவளுக்கு.

மருதி ஆற்றுக்குப் போனாள்.

முதல் சொல்லிலேயே சிறுமி நிற்கிறாள். விரல் மட்டும் அதன்மேல் இருக்கிறது.

டீச்சர் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். சிறுமி வாயை இறுக்கிக்கொண்டாள்.

டீச்சர் பக்கத்தில் இருந்தவனிடம் அட்டையை நீட்டினாள். அவனும் நின்றான். அவனுக்கு அடுத்தவளும்.

இந்த மலைக்கு வந்ததிலிருந்து தொண்டை வறளக் கத்தியதெல்லாம் வீண் என்று தோன்றியது.

நாளை வாசிப்பைச் சோதிக்க ஆட்கள் வருகிறார்கள். படிக்காத பிள்ளையைச் சின்ன வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். சிறுமி போன வருடமே அப்படி இறங்கியவள். இன்னொரு முறை என்றால் பள்ளிப் பக்கமே வரமாட்டாள்.

அந்தப் பயம்தான் டீச்சருக்குக் கோபமாக வந்தது. ஒரு சொல்கூடவா தெரியவில்லை என்று சத்தம் போட்டுவிட்டாள்.

சத்துணவு சமைக்கும் ரங்கி, கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் இருக்கும் அதே மலைக்குடியிருப்பை, பதியைச் சேர்ந்தவள்.

"அது இவ அம்மா பேருங்க டீச்சர். போன மாசந்தான் தவறிப்போனா. வருசம் கழியற வரைக்கும் எங்க பதியில யாரும் அந்தப் பேர வாயில எடுக்கமாட்டோம்."

டீச்சருக்கு முகம் சுட்டது.

அப்படியானால் எல்லாரும் படித்துத்தான் இருக்கிறார்கள். படித்த பிறகுதான் நின்றிருக்கிறார்கள்.

யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. பேனாவை எடுத்தாள். அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு ஏதாவது எழுதிவிடலாம்.

சிறுமி சட்டென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தாள்.

சிறுமி கையை எடுக்கவில்லை. குனிந்தாள். மெல்லிய குரலில், எங்கும் தடுக்காமல் படித்தாள்.

"ஆற்றுக்குப் போனாள். மீன் பிடித்தாள். கீரை பறித்தாள். இருட்டும் முன்னே வீட்டுக்கு வந்துவிட்டாள்."

யாரும் கேட்காமலே, கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்தாள்.