மூத்தவளும் இளையவளும்

மூத்தவளின் முதுகில் கிரைண்டிங் மிஷின் ஏறியதும் அரியமங்கலம் முழுக்கப் பல் கூசியது.

மூத்தவள் என்பது ஒரு இரும்புப் படகு. ரெங்கராஜ் ஓய்வு பெற்ற கையோடு ஏலத்தில் எடுத்த இரண்டு படகுகளில் ஒன்று. காக்கை கூட அதன் மேல் உட்காருவதற்கு முன் குடும்பத்தோடு கலந்து பேசும், அவ்வளவு துரு.

இன்னொன்று இளையவள். அதுவும் இரும்புதான். உடம்பெல்லாம் நீலப் பெயிண்ட், கண் கூசும் பளபளப்பு. அதில் முகம் பார்த்துத்தான் மீசை கத்தரித்துக்கொள்வதாக ரெங்கராஜ் ஸ்ரீரங்கம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

பார்வைக்கு மோசமான மூத்தவளைச் சுரண்டி எடுக்க நஸ்ருல்லாவின் பட்டறைக்கு அனுப்பினார். இளையவளை நேராகக் கொள்ளிடத்தில் இறக்கிவிட்டார்.

இன்று ஆடி வெள்ளி. இளையவளுக்கு முதல் சவாரி. அவர் மனைவி வள்ளிக்கண்ணுவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பொங்கல் பானையோடு அக்கரைக் கோயிலுக்குப் போகிறார்கள். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர், கொள்ளிடம் இரண்டு கரையையும் உரசிக்கொண்டு ஓடுகிறது.

வள்ளிக்கண்ணுவுக்கு நீச்சல் தெரியாது. சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாலே மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள்.

பட்டறையில் ரெங்கராஜுக்கு எதிரே நஸ்ருல்லா முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தலை முதல் கால் வரை சிவப்புப் பொடியாக, யாரையோ வெட்டிவிட்டு வந்தவர் மாதிரி நின்றார்.

மூத்தவளின் உடம்பில் மேலே பச்சைப் பெயிண்ட். அதற்குக் கீழே மஞ்சள். அதற்கும் கீழே, எவனோ ஒருவன் ஆசைப்பட்டு அடித்த ரோஸ். எல்லாவற்றுக்கும் அடியில் துரு, மணப்பாறை முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று உடைந்து உதிர்ந்தது.

நஸ்ருல்லா மிஷினை நிறுத்திவிட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டங். டங். டங்.

டொக்.

அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். சுண்ணாம்புக் கட்டி போலப் பொடிந்து விழுந்தது. ஓட்டை வழியாகப் பட்டறைக்கு வெளியே நின்ற ஆட்டுக்குட்டி தெரிந்தது.

“பட்டி பாத்திருக்கான்ணே. ஓட்டையில பட்டிய அப்பி மேல பெயிண்ட்ட அடிச்சுட்டான். பயப்படாதீங்க, உள்ளங்கை அளவுதான். தகடு வச்சு வெல்டிங் பண்ணிடுவேன்.”

துணியை விலக்கித் துப்பிவிட்டுச் சொன்னார்: “பெயிண்ட்டு உரிஞ்சதாலதான் இதுவே தெரிஞ்சுது. நல்லா இருந்திருந்தா நானும் கும்புட்டுத்தான் அனுப்பியிருப்பேன்.”

ரெங்கராஜ் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

போன் அடித்தது. வள்ளிக்கண்ணு.

“ஏங்க, காலடியில ஈரமா இருக்குங்க.”

“கொள்ளிடம் ஒன் காலத் தொட்டுக் கும்புடுதுன்னு நெனச்சுக்க.”

“பொடவைக் கரை வரைக்கும் கும்புடுதுங்க.”

“அலை தெறிச்சிருக்கும். சொம்பால மொண்டு வெளிய ஊத்து. அந்தப் படகு யானையே ஏறினாலும் அசையாது, தெரியும்ல?”

பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. படகோட்டி என்னவோ சொன்னார். சிரிப்பு நின்றது. லைன் போய்விட்டது. ஆற்று நடுவில் சிக்னல் இருக்காது என்று ரெங்கராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுபடியும் மிஷின் ஓடியது. கடைசித் துருவும் கழன்று விழுந்தபோது, உள்ளே இரும்பு வெள்ளிக் குடம் மாதிரி மின்னியது. நஸ்ருல்லா ஒரு தட்டுத் தட்டினார். அந்த ஓசைக்கு மலைக்கோட்டைப் பிள்ளையாரே ஒரு முறை திரும்பிப் பார்த்திருப்பார்.

“மூத்தவ கல்லு மாதிரி இருக்காண்ணே. இன்னும் ரெண்டு தலைமுறைக்கு ஓடும்.”

ரெங்கராஜுக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. சட்டைப்பையில் கையை விட்டுப் பெருமாளை எடுத்தார். ரெங்கவிலாஸ் மண்டபத்துக் கடையில் வாங்கிய, பள்ளிகொண்ட ரங்கநாதர். கட்டைவிரல் நீளம், முதுகில் காந்தம். காரில் ஒட்டி வைப்பார்களே, அது.

மூத்தவளின் நெற்றிக்கு நேராகக் கொண்டுபோனார்.

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது போல, டப்பென்று போய் ஒட்டிக்கொண்டார் பெருமாள்.

நஸ்ருல்லா நகத்தைக் கொடுத்து நெம்பினார். அசையவில்லை.

“அம்மாடி, என்னா காந்தம். எளையவளுக்குன்னுதானே வாங்குனீங்க? ஏன் பையிலேயே வச்சிக்கிட்டுச் சுத்துறீங்க?”

“ஒட்டலயே பாய். வைக்க வைக்க விழுந்துச்சு. போலிக் காந்தத்தத் தலையில கட்டிட்டான், சாயங்காலம் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்னு...”

சொல்லிக்கொண்டிருந்தவரின் பார்வை, கீழே பொடிந்து கிடந்த பட்டியின் மேல் விழுந்தது. 

நஸ்ருல்லா முகத்திலிருந்த துணியை மெதுவாக அவிழ்த்தார்.

“எந்த எடத்துலண்ணே ஒட்டல?”

பிறந்ததிலிருந்து எதையும் ஒன்றுக்குப் பத்தாகவே சொல்லி வந்த ரெங்கராஜ், முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“எல்லா எடத்துலயும் வச்சுப் பாத்தேன் பாய்.”