புழங்கிய நாற்காலி

"பழசா வேணுமா, புழங்கினதா வேணுமா? முதல்ல அதைச் சொல்லும்மா."

சினிமா செட்டுகளுக்காகப் புதுச் சாமான்களைப் பழசாக்கித் தருவது அவர் தொழில். பழசாக்கி என்பதே பேராகிவிட்டது. எதிரே நின்ற பெண் கொண்டுவந்திருந்ததோ, வார்னிஷ் வாடைகூடப் போகாத ஒரு மர நாற்காலி.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?"

"இல்லம்மா. மூலையில போட்டு வெச்சாலே பழசாயிடும். புழங்கினதுன்னா அதுல ஒரு ஆளோட கை தெரியணும்."

"அப்ப புழங்கினதுதான். எங்க வீட்டுக்காரரோட கை."

வீட்டில் தீப்பிடித்துவிட்டதாம். ஒன்றும் மிஞ்சவில்லையாம். நாளை மறுநாள் ஊரிலிருந்து மாமியார் வருகிறாராம்.

"அத்தைக்குக் கண்ணு தெரியாது, காதும் மந்தம். தடவிப் பாத்துதான் எல்லாம். தீ விஷயம் தெரிஞ்சா உசுரையே விட்டுடுவாங்க."

"ஆள் தப்பிச்சாரே, அது போதும். சாமான் போனா போகுது."

 அவள் மேஜையில் கிடந்த உப்புத்தாளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"சரி, அவர் எப்படி உக்காருவார்?"

"வலப்பக்கம் சாஞ்சுதான். யோசிக்கும்போது கைப்பிடி முனையைக் கட்டைவிரலால தேச்சுக்கிட்டே இருப்பார். சின்னதா ஒரு குழியே விழுந்திருக்கும்."

"ஒருதரம் வரச் சொன்னா கையைப் பாத்துக்குவேன்."

"வேலை முடியட்டும். கூட்டிட்டு வரேன்."

பழசாக்கி ராப்பகலாக இழைத்தார், எண்ணெய் பூசினார். கடைசியில் தன் கட்டைவிரலாலேயே தேய்த்துத் தேய்த்து அந்தக் குழியை வரவழைத்தார். வேலை முடிந்தபின் அதில் உட்கார அவருக்கே கூச்சமாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல நாற்காலி லேசாகச் சூடாக இருந்தது.

சொன்னபடி அவள் ஒருவரை அழைத்து வந்தாள். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய கட்டைவிரல் குழி எங்கே என்று தெரியாமல் கைப்பிடி முழுக்க அலைந்தது.

பழசாக்கியின் முகம் வாடிவிட்டது. "அளவு தப்பிடுச்சு போல. குழியை மாத்திடறேம்மா."

"வேண்டாம்ணே. குழி அச்சு அசலா அவரோடதுதான்." அவள் அந்த மனிதரின் கையை மெல்லத் திருப்பினாள். வழுவழுவென்று, ஒரு தழும்பும் இல்லாத உள்ளங்கை.

"இந்த உயரத்துல ஒருத்தரைத் தேடிப் பிடிக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாளைக்கு அத்தை முதல்ல பிடிக்கப்போறது இந்தக் கையைத்தான். இதையும் அவரோடதா ஆக்கிக் குடுத்துடுங்க."