தபே விழும் காட்சி

கலஹாரி மணல் மாலை வெயிலில் செம்பாய் மின்னுகிறது. முதல் படத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்த எங்கள் தபே, இரண்டாம் பாகத்துக்காகக் கழுதை வண்டியிலிருந்து தலைகுப்புறப் பறந்து, உருண்டு, தகர வாளிக்குள் கச்சிதமாய்ப் போய் உட்கார்கிறான். வாளி கிறீச்சிடுகிறது.

"விழுறதாய்யா இது? தர்பூசணியை உருட்டிவிட்டா இதைவிட அழகா விழும்" என்கிறாள் அவன் மனைவி கோகா, சிரித்து வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதுக்கா மச்சான் என்னை வெயில்ல நிக்க வெச்சே?" என்கிறான் அவள் தம்பி. தபேயின் முகம் மலர்கிறது. கொழுத்த மானைச் சுமந்து வருகிறவனிடமும் 'வெறும் எலும்புதானா?' என்று கேட்பவர்கள் நாங்கள். புகழ்ந்தால் தலைக்கனம் ஏறிவிடும்; அதனால் நன்றாக இருந்தால்தான் கேலி செய்வோம். தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து வந்த இயக்குநருக்கு அது தெரியாது. உதவியாளர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்ததும் முகம் வாடி, "அதை அழிச்சிடுங்க, இன்னொரு தடவை எடுப்போம்" என்கிறார். தபே இடுப்பைப் பிடித்தபடி வண்டியில் ஏறுகிறான். கழுதை நகர்கிறது. அவன் சரிந்து, மணலில் பொத்தென்று விழுகிறான். வாளி தள்ளி நிற்கிறது, காலியாக. யாரும் கேலி செய்யவில்லை. கோகா மட்டும் போய் அவன் முதுகு மணலைத் தட்டிவிட்டு, "ரொம்ப நல்லா விழுந்தேய்யா" என்கிறாள் மெதுவாக. அதையும் மொழிபெயர்க்கக் கேட்டு இயக்குநர் கைதட்டுகிறார். தபே அழுதுவிடுவான் போலிருக்கிறது.